அடுத்த ஆள் வரும்வரை

சங்கரன்கோவில்
15.9.2024

அத்தானுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், வயிற்றுக்குள் இருப்பவரும் நலம். நலமாக இருப்பதால்தான் இந்த உதை உதைக்கிறார். உங்கள் நலத்தை உங்கள் குரலில் கேட்க எனக்கு இப்போதைக்கு இஷ்டமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். கோபத்தில் செய்தது இல்லை, நன்றாக யோசித்துத்தான் செய்தேன். போனில் நீங்கள் "வந்துருதேன் செல்வி, ரெண்டே நாளு" என்பீர்கள். பின்னாலிருந்து அந்தப் பாய்லர் ஹோவென்று இரையும். ஐயோ பாவம் என்று நானும் இளகிவிடுவேன். வளைகாப்புக்கும் அப்படித்தான் சொன்னீர்கள். வளையல் போட வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி, "மாப்பிள்ளை பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்காரு" என்று சாயங்காலம்வரை கூசாமல் புளுகினாள். அந்த பஸ் இன்னும் வரவில்லை.

தாளில் பொய் எழுத உங்களுக்கு வராது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரைக்கூட என்னிடம்தானே எழுதி வாங்கிக்கொண்டு போனீர்கள்? ஆகவே இனி எல்லாம் தாளில்தான். ஏன் வரமுடியவில்லை என்று எழுதுங்கள். கார்த்திகையில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்கிறார். அதற்காவது வருவீர்களா என்றும் எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடவும். அதில் மட்டும் எனக்குக் கோபம் கிடையாது.

இப்படிக்கு,
மாரிசெல்வி


வடக்குப்பட்டு
26.9.2024

அன்புள்ள செல்விக்கு,

நலம். நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை வீட்டுக்கார சூசையம்மாள் அக்கா கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாபா, பொண்டாட்டி லெட்டர் போட்டுகீது? போன் இன்னா ஆச்சு? சண்டையா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். அஞ்சல் துறைக்கு வாழ்வு கொடுக்கிறோம் அக்கா என்றேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே எங்கள் வேலை ஆவி அனுப்புவது. விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலைகள் பிழிந்து தள்ளிய கரும்புச் சக்கை லாரி லாரியாக வந்து கூரை உயரத்துக்குக் குவிகிறது. அதை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றிக் கரண்டு எடுக்கிறோம். மிச்ச ஆவி குழாய் வழியாகப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. ஒருவர் ரப்பர் வேகவைக்கிறார், ஒருவர் பிஸ்கட்டு போடுகிறார். எங்கள் தீ நின்றால் ஒரகடத்தில் பாதி லைன் நிற்கும் என்று காண்டிராக்டர் நரசிம்மன் சார் சொல்வார். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

சர்டிபிகேட் உள்ள அட்டெண்டர் பக்கத்தில் இல்லாமல் பாய்லர் ஓடக் கூடாது. அது சட்டம். அடுத்த ஆள் வந்து பொறுப்பெடுக்காமல் முதல் ஆள் நகரவும் கூடாது. சுவரில் இரண்டு சர்டிபிகேட் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஒன்று என்னுடையது. இன்னொன்று நயினார் அண்ணனுடையது. அவர் சவூதி போய் ஒரு வருஷம் ஆகிறது. காகிதத்தில் இரண்டு பேர், உடம்போடு ஒருத்தன். பகலில் நான் நிற்கிறேன். ராத்திரி இசக்கிபாண்டி அண்ணாச்சி தீயைப் பார்த்துக்கொள்ள, நான் பம்பு ரூமில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். வாடகை கொடுக்கிற வீட்டுக்குக் குளிக்கத்தான் போகிறேன்.

அண்ணாச்சியை உனக்குச் சொல்லியிருக்கிறேன். திருவேங்கடம் பக்கத்துக்காரர், நாற்பது தாண்டியவர், எனக்கு ஹெல்பர். ஆடியில் கோவில் கொடைக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய், விபூதியும் சேவும் கொண்டுவந்தார். சர்டிபிகேட் இல்லாத ஆளை யார் பிடித்து வைக்கப் போகிறார்கள்? அந்த வாரம் நான் பாய்லர் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கினேன். அது உன் வளைகாப்புக்குச் சாக்கு இல்லை என்று எனக்கே தெரியும்.

ஆனால் வழி கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சென்னையில் அட்டெண்டர் பரீட்சை. அண்ணாச்சியின் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை எழுதித் தோற்றவராம். நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் பாஸானால் கார்த்திகைக்கு நான் அங்கே இருப்பேன்.

இது போனில் சொன்னது இல்லை. தாளில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பேச்சிராஜ்


சங்கரன்கோவில்
5.10.2024

அத்தானுக்கு,

நாங்கள் நலம். பம்பு ரூமில் படுத்தால் நலமாக இருப்பீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஒரு நல்ல சேதி. நெல்லையப்பன் மாமா வந்திருந்தார். இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்துச் சர்க்கரை ஆலையில் பாய்லர் அட்டெண்டர் வேலை காலியாகப் போகிறதாம். அங்கேயும் அதே சக்கை, அதே ஆவி, அதே கரண்டுதான். ஆனால் அரவை முடிந்ததும் பாய்லரை அணைத்துப்போட்டு விடுவார்களாம். தூங்குகிற பாய்லர் அத்தான்! எனக்குக் கேட்கவே ஆசையாக இருந்தது. இந்த உலகத்தில் வேலை முடிந்தால் அணைகிற தீயும் இருக்கிறது.

பங்குனிவரை ஆள் எடுக்காமல் வைத்திருப்பார்களாம். வரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வரவேண்டும், நகல் செல்லாது என்று மாமா இரண்டு தடவை சொன்னார். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அண்ணாச்சி எப்படிப் படிக்கிறார்? மக்குப் பிள்ளை என்றால் பெஞ்சு மேல் ஏற்றுங்கள். தலைகீழாக நின்றாவது அவரைப் பாஸாக்கிவிடுங்கள். நான் சங்கரநாராயணருக்கு நேர்ந்திருக்கிறேன், அண்ணாச்சி பேருக்கு ஒரு மாவிளக்கு. முன்பின் பார்க்காத ஒரு மனிதருக்காக நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

மாரிசெல்வி


வடக்குப்பட்டு
29.10.2024

அன்புள்ள செல்விக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? இரும்பு மாத்திரையை வாசலில் தூக்கி எறியாமல் விழுங்கு.

அண்ணாச்சி பெயிலாகிவிட்டார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் காணாமல் போனால் முதலில் என்ன செய்வீர்கள் என்று இங்கே கேட்டால், "சக்கையை நிப்பாட்டணும், தண்ணியத் திறக்கக் கூடாது, திறந்தா எல்லாருக்கும் ஒரே நாளுல திவசம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர். அதே கேள்வியைத்தான் அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். இவர், "தெரியலைங்கய்யா" என்றாராம். அடுத்ததற்கும் தெரியலைங்கய்யா. கூடப் போன பக்கத்துக் கம்பெனிப் பையன் வந்து சொன்னான். கூச்ச சுபாவம் போலிருக்கிறது, ஆபீசரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. திரும்பி வந்தவர் எனக்கு வழியில் பால்கோவா வாங்கிவந்து கொடுத்தார். அதை நான் பிரிக்கவே இல்லை.

அடுத்த பரீட்சை மாசியில்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். ஒரிஜினல் என்னிடம் இல்லை. நான் பாஸாகி வந்த அன்றே நரசிம்மன் சார் வாங்கிக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. சுவரில் தொங்குவது கலர் ஜெராக்ஸ். என்னுடையதை வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் நயினார் அண்ணனுடையதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அண்ணன் அன்றைக்கு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என்ன பாசம் என்று நினைத்தேன்.

போன வாரம் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். "ஆள் கொண்டா, ஒர்ஜினல் எடுத்துனு போ. நானா உன்ன கட்டி வச்சுகினு கீறேன்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பேச்சிராஜ்


சங்கரன்கோவில்
25.11.2024

அத்தானுக்கு,

பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ. நலம். நானும் நலம்.

தம்பி உங்களுக்குப் போன் செய்தபோது பாய்லர் சத்தத்தில் உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். "என்ன குழந்தை, என்ன குழந்தை" என்று கத்திக்கொண்டே இருந்தீர்களாம். அவனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்த, நர்ஸ் வந்து திட்டினாளாம். அதற்காகத்தான் இதை எழுத்தில் தருகிறேன். பெண் குழந்தை.

பெயரை அப்பாதான் வந்து காதில் சொல்ல வேண்டும். அதுவரை அவளை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரே நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மாரிசெல்வி


வடக்குப்பட்டு
27.12.2024

அன்புள்ள செல்விக்கும் ஏட்டிக்கும்,

ஒரு மாதமாகக் கடிதம் எழுதவில்லை. மன்னித்துவிடு. நலமாகத்தான் இருக்கிறேன். புருவம் மட்டும் இல்லை, அது வளர்ந்துவிடும்.

மழை விடாமல் அடித்தது. சக்கைக் குவியலுக்கு மேல் போட்டிருந்த தார்ப்பாய் கிழிந்து எல்லாம் ஊறிவிட்டது. ஈரச் சக்கை எரியாது. உள்ளே அடைந்துகொண்டு புகையும். கதவைத் திறந்து குத்திவிட்டால் சில நேரம் தீ வெளியே பாயும். அப்படித்தான் ஒரு நாள் பாய்ந்தது. வலது கையில் கொஞ்சம் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லி எழுதலாம் என்றால், வேறு கையெழுத்தைப் பார்த்து நீ பயந்துவிடுவாய். இப்போது ஆறிவிட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

அந்த நாட்களில் அண்ணாச்சிதான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டார். ஏட்டியின் போட்டோவைப் பாய்லர் பேனலில் செருகி வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"தம்பி, எனக்குப் பதிலு தெரியாமலா பெயிலானேன்னு நெனைக்கீரு?"

ஒரு உருண்டையை என் வாயில் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"நயினாரு போவதுக்கு நீரு மாட்டுனீரு. நீரு போவதுக்கு நான் மாட்டணும். சர்டிபிகேட்டு இல்லாதவனுக்குச் சம்பளம் கொறைச்சல்தான். ஆனா கேட்டைத் தாண்டிப் போலாம்லா? வருசத்துக்கு ஒரு கொடை, தம்பி. எங்கய்யாவுக்கு அப்புறம் நாந்தான் சொள்ளமாடனுக்குச் சாமியாடுதேன். நான் போவலேன்னா அங்க மேளத்துக்கு ஆடுததுக்கு ஆளு கெடையாது."

எனக்குக் கோபம் வந்தது செல்வி. ஒரு மாதம் தொண்டை வறளப் பாடம் சொன்னேனே என்று வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நயினார் அண்ணனும் எனக்கு அப்படித்தான் பாசமாகச் சொல்லிக்கொடுத்தார். நான் அண்ணாச்சிக்குச் செய்ததும் அதுவேதான். அவரைவிடக் கெட்டிக்காரன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

மாசிப் பரீட்சைக்குப் போங்கள் என்று அவரிடம் இனி எப்படிச் சொல்வேன்?

பேச்சிராஜ்


சங்கரன்கோவில்
17.1.2025

அத்தானுக்கு,

பொங்கல் வாழ்த்து. ஏட்டி நலம். முகம் பார்த்துச் சிரிக்கிறாள். யார் முகமானாலும் சிரிக்கிறாள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

கை வெந்ததை ஒரு மாதம் கழித்துப் புருவக் கதையாக எழுதுகிறீர்கள். தாளிலும் மறைக்கப் பழகிவிட்டீர்கள். படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா, மாப்பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று அவளும் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே ஏட்டியும் சேர்ந்துகொண்டாள்.

இனி எழுதுவதை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அண்ணாச்சி, உங்களைப் பாஸாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நான் நல்லவளாக இருந்தால், நீங்கள் உங்கள் சாமியைப் பாருங்கள், எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருப்பேன். அவ்வளவு நல்லவள் நான் இல்லை. எனக்கு என் வீட்டுக்காரர் வேண்டும். பங்குனியோடு இங்கே அந்த வேலையும் போய்விடும். உங்கள் வீட்டு மதினியும் உங்களை நினைத்து இப்படித்தான் கிடப்பார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். அவருக்குக் கையால் ஊட்டிவிட்டதற்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

மாரிசெல்வி


வடக்குப்பட்டு
18.3.2025

அன்புள்ள செல்விக்கு,

வருகிறேன். இந்த முறை தாளில் எழுதிவிட்டு வருகிறேன்.

உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பேனல் மேல் வைத்துவிட்டுச் சக்கை லாரியைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடிதம் மடித்து, ஏட்டி போட்டோவுக்குப் பின்னால் செருகியிருந்தது. மாசியில் ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார்.

கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாராம். ஒரு ஆபீசர், "இவ்ளோ நல்லா சொல்றீங்க, போன தடவை இன்னா ஆச்சு?" என்று கேட்டாராம். "அப்ப ஊருல கொஞ்சம் சோலி இருந்துச்சுங்கய்யா" என்றாராம் இவர்.

நேற்று நரசிம்மன் சார் ஆபீசில் அண்ணாச்சி புதுச் சர்டிபிகேட்டைக் கொடுத்தார். சார் அதை பீரோவில் வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்து என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பீரோவைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பங்குனி, சித்திரை, வைகாசி என்று தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

நான் அவரைக் கட்டிப் பிடிக்கவில்லை. நயினார் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. "பத்திரமாப் போயிட்டு வாரும். புள்ளைக்கு நல்ல பேரா வையும்" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் நிற்பேன். அந்த பஸ் வந்துவிட்டது என்று சித்தியிடம் சொல்.

பேச்சிராஜ்


சங்கரன்கோவில்
6.8.2025

மதிப்பிற்குரிய இசக்கிபாண்டி அண்ணாச்சிக்கு,

தங்கை மாரிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பி எத்தனையோ தடவை போன் செய்தும் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் வருகிறேன்.

குழந்தைக்கு மதிவதனி என்று பெயர் வைத்தோம். தவழ்கிறாள். உங்கள் தம்பி சர்க்கரை ஆலையில் இருக்கிறார். அரவை முடிந்து பாய்லர் குளிர்ந்து கிடக்கிறது. தினம் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்துவிட்டு, பொழுதோடு வீட்டுக்கு வந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். இதை எழுதும்போதே எனக்குக் குற்றமாகப் படுகிறது.

வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்க் கொடைக்குப் போயிருந்தோம். கிளியம்மாள் மதினி எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் கட்டி ஆடுகிற கச்சையும் கையில் பிடிக்கிற வல்லய ஈட்டியும் சாமிக்கு முன்னால் இருந்தன. மேளக்காரர்கள் கை ஓயும் மட்டும் அடித்தார்கள். யாருக்கும் சாமி வரவில்லை. பூசாரி, "ஆளு வரட்டும், அடுத்த வருசம் பாப்போம்" என்று விபூதியை மட்டும் பூசி அனுப்பினார். உங்கள் தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

அண்ணாச்சி, இங்கே ஆலையில் கார்த்திகையில் இன்னொரு அட்டெண்டர் வேண்டுமாம். நெல்லையப்பன் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். உங்கள் சர்டிபிகேட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் அங்கே இன்னொருவர் பாஸாக வேண்டும் என்று தெரியும். புதிதாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா? பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்களா? பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்கிறார் உங்கள் தம்பி.

கொடை விபூதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்.

தங்கை,
மாரிசெல்வி


வடக்குப்பட்டு
19.8.2025

அன்புள்ள தங்கச்சி மாரிசெல்விக்கு,

நலம். நீங்களும் தம்பியும் மருமகள் மதிவதனியும் நலமாக இருக்க அந்தச் சொள்ளமாடன் துணை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விபூதி வந்தது. பூசிக்கொண்டேன். தம்பி படுத்த கட்டிலில்தான் படுக்கிறேன், வசதியாக இருக்கிறது. தம்பியைச் சாப்பிடச் சொல்லவும். போன் எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. தம்பி குரலைக் கேட்டால் நான் எதையாவது கேட்டுவிடுவேன்.

நீங்கள் கேட்டபடி ஒருவன் சேர்ந்திருக்கிறான். பெயர் உச்சிமாகாளி. ஐ.டி.ஐ. படித்தவன், விளாத்திகுளம் பக்கம். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அந்தப் பெண்ணோடு போனில் பேசுவதற்குச் சக்கைக் குவியலின் அந்தப் பக்கம் போய்விடுவான். படு கெட்டிக்காரன். தீயில் கையை விட்டுவிடாமல் இருக்க வேண்டியதை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவன் அதோடு விடுவதாக இல்லை. பரீட்சையில் என்ன கேட்பார்கள் அண்ணாச்சி, எதற்கு என்ன சொல்ல வேண்டும் அண்ணாச்சி என்று பகல் முழுக்கப் பின்னாலேயே வருகிறான். நரசிம்மன் சாரும் வந்து, "பையன் நல்லா கீறான், சொல்லிக் குடுபா, உனக்குத்தான் நல்லது" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அண்ணன்
இசக்கிபாண்டி